எஞ்சின் புளொக்கில் வெடிப்பு: ஒட்டுவதா, மாற்றுவதா?

கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறைப் பகுதிகளில் பெரும்போக உழவு தொடங்கும் வேளையில் உழவு இயந்திரத்தின் எஞ்சின் புளொக்கில் வெடிப்பு விழுந்தால் வேளாண்மைக்காரர் திகைப்பது இயல்பே; விதைப்பு நாள் எவர்க்கும் காத்திராது. குளிர்நாடுகளில் உள்ளிருக்கும் நீர் உறைந்து புளொக்கைப் பிளக்கும். நம் கரையோரத்திலோ, கொதித்து நிற்கும் எஞ்சினில் அவசரப்பட்டு வாய்க்கால் நீரை ஊற்றுவதே பெரும்பாலும் காரணம். உவர்க் கிணற்று நீரால் உள்ளே படியும் துரு அச்சூட்டை மேலும் கூட்டும்.

முதலில் வெடிப்பு எதுவரை ஓடியுள்ளதென அறிதல் வேண்டும். அவ்விடத்தில் மண்ணெண்ணெய் பூசி, நன்கு துடைத்து, வெண்கட்டித் தூளைத் தடவுக. ஊறித் தோன்றும் கோடே வெடிப்பின் நீளமாகும்.

வெளி நீர்ச்சுவரில் மட்டும் இருப்பின் பழுதுபார்க்கலாம். இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, வெடிப்பு மேலும் ஓடாது தடுத்து, திருகாணிகளை நெருக்கமாக இறுக்கித் தைப்பது நன்று. வார்ப்பிரும்பைச் சாதாரண இரும்புக் கம்பியால் ஒட்டினால் ஒட்டின் ஓரத்திலேயே மீண்டும் வெடிக்கும். நிக்கல் கம்பியும், மெல்ல ஆறவிடும் பொறுமையும் தேவை. அவசரக்காரர் இவ்வேலைக்கு ஆகார்.

கிராங் தண்டைத் தாங்கும் இருக்கையை வெடிப்பு எட்டியிருந்தால் மாற்றுவதே சிக்கனம். சிலிண்டர் துளையில் உள்ள வெடிப்பு, மசி பேர்கசன் 135 போன்றவற்றில், லைனரைக் கழற்றினாலன்றித் தெரியாது. எண்ணெய் பால்போல் வெளுத்தமை கண்டு மட்டும் புளொக்கைக் கைவிடற்க; கெஸ்கட் எரிந்தாலும் அவ்வாறே வெளுக்கும்.

பழைய புளொக் வாங்குவோர், பணம் கொடுக்குமுன் அதன் சிலிண்டர்த் தேய்வை அளந்து பார்க்க. எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் திருத்துதல் வேண்டும்.