சபையே பாடகர்

கச்சேரிக்குப் போகிறவர்கள் கேட்பதற்காகவே போகிறார்கள் என்பது உலகம் ஒப்புக்கொண்ட சம்பிரதாயம். அனுமதிச் சீட்டுக்குப் பணம் கொடுத்து, இடம் பிடித்து உட்கார்ந்து, கடைசியில் தாங்களே தொண்டை கட்டும்வரை பாடிவிட்டு வீடு திரும்புவதை ஜனங்கள் ஒரு பாக்கியமாகக் கருதினார்கள் என்றால், அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்த மனிதர் சாமானியப்பட்டவராக இருக்க முடியாது. அமெரிக்க நாட்டுப்பாடகர் பீட் சீகர் எழுபது ஆண்டுகளுக்கு மேல் மேடையேறியவர், பாட்டுக் கட்டியவர், பிறர் கட்டி மறந்த பாட்டுகளைத் தேடியெடுத்துப் பரப்பியவர். ஆயினும் அவருடைய பிரதான வாத்தியம் எதுவென்று கேட்டால், தோளில் மாட்டியிருந்த பாஞ்சோவைக் காட்டிலும் எதிரே உட்கார்ந்திருந்த சபையைச் சொல்வதே பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

அவரை நேரில் காணும் வாய்ப்பு 2014 ஜனவரி 27ஆம் தேதி, அவருடைய 94ஆம் வயதில், முடிந்துபோயிற்று. நல்ல வேளையாக, 1963இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர மண்டபத்தில் அவர் பாடிய கச்சேரி ஒன்று படமாக்கப்பட்டு இன்றும் கிடைக்கிறது. நெடுநெடுவென்று ஒல்லியாக ஒருவர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பக்கவாத்தியக்காரர் எவருமின்றித் தனியாக நிற்கிறார். முகவாயை மேலே தூக்கி, குரல்வளை முன்னே துருத்தும்படி தலையைப் பின்னுக்குச் சாய்த்து அவர் பாடும் தோரணையைப் பார்த்தால், பாட்டை முன்வரிசைக்காரர்களுக்கு விட்டுவிட்டு, கடைக்கோடியில் உட்கார்ந்திருப்பவனைத் தேடிப் பிடிப்பதற்காகவே அவர் வந்திருக்கிறார் என்று தோன்றும். குரலில் பிரமாதமான கனமோ, நுட்பமான சங்கதிகளோ இல்லை. தெளிவு உண்டு, எக்களிப்பு உண்டு. ஒரு சொல்கூட மழுங்காது.

அவர் சபையைப் பாடவைக்கும் உபாயத்தைச் சற்றுக் கூர்ந்து கவனிக்க வேண்டும். பாட்டின் ஓர் அடி முடிந்து அடுத்த அடி தொடங்குவதற்குள் மூச்சு வாங்குகிற இடைவெளி ஒன்று இருக்கிறதே, அந்தக் கண நேரத்துக்குள், தாளம் ஒரு மாத்திரையும் தவறாமல், அடுத்த அடியின் சொற்களைப் பேச்சுக் குரலில் விறுவிறுவென்று சொல்லிவிடுவார். சொல்லி முடித்த மறுகணம் ஆயிரம் பேர் அந்த அடியை ராகத்தோடு எடுத்துக்கொள்வார்கள். தங்களுக்கு யாரோ பாடம் சொல்லிக்கொடுக்கிறார் என்ற எண்ணமே அவர்களுக்கு எழாது. முன்பே தெரிந்த பாட்டு ஞாபகத்துக்கு வருவதுபோல இருக்கும். புஸ்தகம் அருமையாகவும் எழுத்தறிவு அதைவிட அருமையாகவும் இருந்த பழைய நாட்களில் அமெரிக்கத் தேவாலயங்களில் கீதங்களைப் பாடவைத்த முறை இதுதான். நம்முடைய பஜனை மடங்களில் பாகவதர் ஓர் அடியைப் பாடிக் கொடுக்க, கூடியிருப்போர் பின்பாட்டாகத் திருப்பிப் பாடுவதை அறிந்தவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே விளங்கும். ஆனால் பாகவதர் பாடி முடித்த பிறகு கோஷ்டி பாடுகிறது, சீகரோ தம் குரலை ஒதுக்கிக்கொண்டு சபைக்கே முதல் உரிமையைக் கொடுத்துவிடுகிறார்.

இதற்கு அடுத்த படி ஒன்றும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஸாலமன் லிண்டா என்பவர் 1939இல் பாடிப் பதிவுசெய்த ‘ம்பூபே’ என்ற பாட்டை இசைத்தட்டிலிருந்து காதால் கேட்டு எழுதிக்கொண்டு, ‘விமோவே’ என்ற பெயரில் சீகர் மேடையில் பாடுவார். கனத்த குரல்காரர்களுக்கு ஒரு பகுதி, நடுத்தரக் குரல்காரர்களுக்கு ஒரு பகுதி என்று மண்டபத்தையே பாகம் பிரித்துக் கொடுத்து, அவை ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்து உறுதிப்பட்ட பிறகு, அவர் மட்டும் பொய்க்குரலில் மேல் ஸ்தாயியில் கூவிக்கொண்டு அவற்றுக்கு மேலே உலவுவார். ஒத்திகையே இல்லாத ஒரு கூட்டம், இரண்டே நிமிஷத்தில், மூன்றடுக்கு இசையைத் தானே எழுப்பிவிடும். (அந்தப் பாட்டு உலகமெங்கும் பெரும் பணம் ஈட்டியபோது அதைக் கட்டிய லிண்டா ஜொஹன்னஸ்பர்க்கில் வறுமையிலேயே மாண்டார் என்பதையும் சொல்லாமல் போவது நியாயமாகாது. சங்கீத வியாபாரத்தின் அந்த வெட்கக்கேடு பிற்காலத்தில் வழக்கு மன்றம்வரை போயிற்று.)

சீகர் 1919 மே 3ஆம் தேதி நியூயார்க்கில் பிறந்தார். தந்தை சார்லஸ் சீகர் சங்கீத சாஸ்திர ஆராய்ச்சியாளர். தாயார் வயலின் வித்துவாம்சினி. வீட்டில் உயர்ந்த சங்கீதத்துக்குக் குறைவில்லை. அப்படியிருந்தும், 1936இல் தந்தையோடு வடகரோலினா மாநிலத்து ஆஷ்வில்லில் நடந்த மலைநாட்டு நடன, கிராமியப் பாட்டு விழாவுக்குப் போனபோது கேட்ட ஐந்து தந்திப் பாஞ்சோவின் நாதமே அந்தப் பையனைப் பிடித்துக்கொண்டது. பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் கைவழியே அமெரிக்காவில் உருவான வாத்தியம். தோல் போர்த்த வட்டமான உடலும் நீண்ட கழுத்தும் கொண்டது. நான்கு தந்திகளின் பிருடைகள் கழுத்தின் உச்சியில் இருக்க, ஐந்தாவது மட்டும் குட்டையாய்க் கழுத்தின் நடுவிலேயே முடிந்துவிடும். எல்லாவற்றிலும் உச்ச சுருதி அதற்கே. அதைக் கட்டைவிரல் விடாமல் மீட்டிக்கொண்டேயிருக்கும். சுருதியும் தாளமும் மெட்டும் ஒரே கையில் அடங்கிவிடுவதால், துணையின்றி ஊர் சுற்றுகிற பாடகனுக்கு இதைவிட வசதியான வாத்தியம் கிடையாது. சீகர் அதன் கழுத்தை மூன்று மெட்டு அதிகமாக நீட்டிச் செய்துகொண்டு, இன்னும் கீழான சுருதியில் பாட வழி பண்ணினார். அந்த நீண்ட கழுத்துப் பாஞ்சோ பிறகு கடைகளிலும் விற்பனைக்கு வந்துவிட்டது.

ஹார்வர்டு சர்வகலாசாலையைப் பாதியில் விட்டவர், வாஷிங்டனிலிருந்த தேசிய நூலகத்தின் நாட்டுப்பாடல் சேகரிப்பில் ஆலன் லோமாக்ஸ் என்ற அறிஞரிடம் வேலை பார்த்தார். 1940இல் நியூயார்க்கில், குடிபெயர்ந்த விவசாயத் தொழிலாளருக்கு நிதி திரட்டிய ஒரு கச்சேரியில் பாடகர் வுடி கத்ரியைச் சந்தித்தார். ரயிலிலும் லாரியிலும் ஊர் ஊராகத் திரிந்து பாடுகிற வித்தையை அவரிடம் கற்றார். இரண்டாம் யுத்தத்துக்குப் பிறகு ‘வீவர்ஸ்’ என்ற நால்வர் குழுவில் சேர்ந்து பாடி, 1950இல் ‘குட்நைட் ஐரீன்’ என்ற பாட்டால் நாடு முழுவதும் பிரசித்தி பெற்றார். அப்போதுதான் இடி விழுந்தது.

இடதுசாரிக் கட்சியோடு முன்பு அவருக்கிருந்த தொடர்பு, கம்யூனிஸ்டு பீதி அமெரிக்காவைப் பிடித்தாட்டிய அந்தக் காலத்தில் பெருங்குற்றமாயிற்று. வானொலி, தொலைக்காட்சி, பெரிய ஹோட்டல்கள் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டன. 1949இலேயே, பீக்ஸ்கில் என்ற ஊருக்கருகே பால் ராப்ஸன் பாடிய கச்சேரிக்குச் சென்று திரும்பும் வழியில், சீகர் தம் மனைவி மக்களோடு வந்த காரின்மீது ஒரு கும்பல் கல்லெறிந்து கண்ணாடிகளை உடைத்திருந்தது. காருக்குள் வந்து விழுந்த கற்களில் சிலவற்றை, ஹட்ஸன் நதிக்கரையில் தம் கையால் கட்டிக்கொண்டிருந்த மரவீட்டின் புகைபோக்கியில் பதித்துவைத்தார். 1955 ஆகஸ்டில் காங்கிரஸ் விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டு, எந்தக் கூட்டத்தில் யாருக்காகப் பாடினாய் என்று வினவியது. தம்மையே குற்றத்துக்கு உள்ளாக்கும் கேள்விக்கு விடையளிக்க மறுப்பதற்கு இடம் தரும், அரசியல் சாசனத்தின் ஐந்தாவது திருத்தத்தின் நிழலில் ஒதுங்கியிருந்தால் எளிதாகத் தப்பியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. என் பாட்டுகளைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். என் நம்பிக்கைகளையும் நண்பர்களையும் பற்றி எவருக்கும் கேட்க உரிமையில்லை என்ற கருத்தில் உறுதியாக நின்றார். அந்த மறுப்புக்காக 1961இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1962இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. ஸ்டாலினுடைய கொடுமைகளை உணர்வதில் அவர் வெகுகாலம் தாமதித்தார் என்ற குறை நியாயமானதே. முதுமையில் அவரே அதை ஒப்புக்கொண்டு வருந்தினார்.

இந்தத் தடையால் விளைந்த பயன்தான் வேடிக்கை. பெரிய மேடைகளை இழந்தவர் பள்ளிக்கூடங்கள், கல்லூரிகள், தேவாலயங்கள், குழந்தைகளின் கோடைக்கால முகாம்கள் என்று சொற்ப சம்பாவனைக்கு ஊர் ஊராகப் போனார். தொலைக்காட்சி அவரை ஏற்றுக்கொண்டிருந்தால், கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று பாடுகிற இன்னொரு கீர்த்திமானாக ஆகியிருப்பார். எதிரொலிக்கும் பள்ளிக்கூட மண்டபத்தில் ஐம்பது, அறுபது பிள்ளைகளைப் பாடவைத்துப் பாடவைத்தே அவருடைய வித்தை முதிர்ந்தது. அன்று பாடிய பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்கு வந்தபோது, 1960களின் நாட்டுப்பாடல் எழுச்சிக்குக் கேட்போர் தயாராக இருந்தார்கள்.

அவர் கட்டிய பாட்டுகளே கூட்டத்தை உத்தேசித்துக் கட்டியவை. ‘பூக்களெல்லாம் எங்கே போயின’ என்று பொருள்படும் பாட்டுக்கு வித்து, ஷோலகாவின் ‘டான் நதி அமைதியாக ஓடுகிறது’ என்ற ரஷ்ய நாவலில் வரும் கோஸாக்கியர் பாட்டு. 1955இல் சீகர் எழுதியவை மூன்று கண்ணிகள்தாம். பிறகு ஜோ ஹிக்கர்ஸன் என்ற இளைஞர் மேலும் சில கண்ணிகள் சேர்த்து வட்டத்தை முடித்தார். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரே கேள்வி, ஒரு சொல் மட்டும் மாறி வரும். இரண்டாவது கண்ணிக்குள்ளாகவே எவரும் மூன்றாவதை ஊகித்துவிடலாம். இலக்கியத்தில் இதைச் சிக்கனம் என்பார்கள். சீகர் விஷயத்தில் இது விருந்தாளிக்காக இலை போட்டு வைப்பது. ‘டர்ன் டர்ன் டர்ன்’ பாட்டிலோ விவிலியத்தின் பிரசங்கி ஆகமச் சொற்களை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டு, பல்லவியையும் ஈற்றடியையும் மட்டும் தாம் சேர்த்தார்.

இந்தக் கலையின் சிகரமென்று 1963 ஜூன் 8ஆம் தேதி நியூயார்க் கார்னகி மண்டபத்தில் நடந்த கச்சேரியைத்தான் சொல்வேன். கறுப்பின மக்களின் சமவுரிமைப் போராட்டம் உக்கிரமாயிருந்த கோடைக்காலம் அது. பர்மிங்ஹாம் நகரில் பள்ளிக் குழந்தைகள் கூட்டங்கூட்டமாகச் சிறை சென்று ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. பாப் டிலன் போன்ற இளைஞர்களின் புதுப்பாட்டுகளையும், மால்வினா ரெனால்ட்ஸ் என்ற மூதாட்டியின் கேலிப்பாட்டையும் அன்று அவர் தாமே பாடி அறிமுகப்படுத்தினார். அன்று சபை சேர்ந்து பாடிய பாட்டுகளில் ஒன்று ‘வீ ஷல் ஓவர்கம்’. தேவாலயக் கீதத்தில் பிறந்து, தென்கரோலினாவின் புகையிலை ஆலைப் பெண்களுடைய வேலைநிறுத்தத்தில் வளர்ந்து, ஹைலாண்டர் பயிற்சிப் பள்ளியின் வழியாகச் சீகரை அடைந்த பாட்டு அது. அது தாம் கட்டிய பாட்டு என்று அவர் சொல்லிக்கொண்டதில்லை. கிரிஜாகுமார் மாத்தூர் ஹிந்தியில் ஆக்கிய ‘ஹம் ஹோங்கே காம்யாப்’ நம் நாட்டுப் பள்ளிகளில் வரிசையாக நின்று பாடிய எத்தனையோ பேருக்கு மனப்பாடம். அந்த மெட்டு இத்தனை தூரம் நடந்து வந்ததென்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அந்தக் கச்சேரி முடிந்த சில மாதங்களில் சீகர் மனைவி தோஷியையும் மூன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு உலகப் பயணம் புறப்பட்டார். மெல்போர்ன் கச்சேரி அதில் ஒரு கட்டம். இந்தியாவுக்கும் வந்து கல்கத்தாவில் பாடினார்.

எல்லோருக்கும் இந்த முறை ருசித்தது என்று சொல்ல மாட்டேன். உபாத்தியாயர் வகுப்பெடுப்பதுபோல இருக்கிறது என்று முகம் சுளித்தவர்கள் உண்டு; அவர்கள் பேச்சில் ஓரளவு உண்மையும் உண்டு. தனியே கேட்டு அசைபோட வேண்டிய கவிதைக்குக் கூட்டுக்குரல் ஒத்துவராது. 1965 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் டிலன் மின்கிதாரோடு மேடையேறியபோது, கோடரி கிடைத்தால் ஒலிக்கம்பியை வெட்டிவிடுவேன் என்று சீகர் கொதித்தது பெரிய கட்டுக்கதையாகவே வளர்ந்துவிட்டது. சொற்கள் காதில் விழவில்லை என்பதுதான் கோபத்துக்குக் காரணம் என்று அவர் பின்னாளில் விளக்கினார். சொல் காதில் விழாவிட்டால் சபை எப்படித் திருப்பிப் பாடும்? டிலனுக்கோ, சபை தம்மோடு பாட வேண்டுமென்ற அவசியமே அன்று இல்லை.

வயது ஏறஏறச் சீகருடைய குரல் தேய்ந்தது. வேறு எந்தப் பாடகரும் அத்தோடு ஓய்ந்திருப்பார். இவரோ அடிகளைச் சொல்லிக் கொடுப்பதை மட்டும் தம் பங்காக வைத்துக்கொண்டு, பாடுவதை ஜனங்களிடமே ஒப்படைத்துவிட்டார். 2009 ஜனவரியில் ஒபாமா பதவியேற்பை முன்னிட்டு லிங்கன் நினைவுமண்டபத்தில் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனோடு நின்று, கத்ரியின் ‘திஸ் லாண்ட் இஸ் யுவர் லாண்ட்’ பாட்டைப் பள்ளிப் புஸ்தகங்கள் விட்டுவிட்ட கண்ணிகளோடு சேர்த்தே பாடவைத்தார். 2011இல், 92 வயதில், இரண்டு கைத்தடிகளை ஊன்றிக்கொண்டு, நியூயார்க் வீதியில் இரவு நேர ஊர்வலத்தில் ஜனங்களோடு பாடிக்கொண்டு நடந்தார். 2013 செப்டம்பரில் விவசாயிகளுக்கான ‘ஃபார்ம் எய்ட்’ விழாவில், தம் சொந்த மாநிலத்துக்கென்று அதே பாட்டில் புதுக்கண்ணி ஒன்றைச் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்; நிலத்தைப் பிளந்து எரிவாயு எடுப்பதற்கு எதிரான கண்ணி அது.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் அவர் ஒலிப்பதிவு அறைக்குள் பதிவுசெய்த இசைத்தட்டுகளில் தொடங்க வேண்டாம். அவற்றில் பாட்டின் பாதிதான் இருக்கிறது. கார்னகி கச்சேரியின் முழுப்பதிவை, 1963இல் வெளிவந்த சுருக்கப் பதிப்பை விட்டு, பிற்காலத்தில் வந்த இரட்டைத் தொகுப்பிலேயே தேடிக் கேளுங்கள். ‘குவாண்டனமேரா’ என்ற பாட்டு வரும்போது கூச்சப்படாமல் வாய் திறந்து பாடலாம். ஸ்பானிய மொழி தெரியாத அந்த நியூயார்க்காரர்களும் அன்று அப்படித்தான் பாடினார்கள்.