பன்மொழி வகுப்பில் சொற்பேறு

சொற்பேறு என்பது ஒரு சொல்லின் வடிவு, பொருள், ஆட்சி ஆகிய மூன்றையும் ஒருங்கே உடைமையாக்கிக் கொள்ளுதலாகும். ஒலியும் எழுத்தும் வடிவின்பாற் படும். கருத்தும் அதனோடு இயைந்த பிற கருத்துகளும் பொருளின்பாற் படும். எச்சொல் எதனோடு இணையும், எவ்விடத்தில் தகும் என்பன ஆட்சியின்பாற் படும். நியூசிலாந்து மொழியியல் அறிஞர் பால் நேசன் வகுத்த இப்பகுப்பின்படி, அகரமுதலிப் பொருளை ஒப்புவித்த அளவில் ஒருவர் அச்சொல்லை முற்றும் அறிந்தவராகார்.

வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் வழங்கும் மாணாக்கர்க்குப் புதுச்சொல் மூவகையாக வந்து சேரும். அறிந்த கருத்துக்குப் புதுப்பெயர் முதல்வகை. கன்னடம் பேசும் ஓசூர்ச் சிறுமிக்கு 'நிழல்' அத்தகையது. கருத்தும் பெயரும் ஒருசேரப் புதியவை இரண்டாம் வகை. 'ஒளிச்சேர்க்கை' அதற்கு எடுத்துக்காட்டு. அறிந்த பெயருக்குப் புதுப்பொருள் மூன்றாம் வகை. தலைச்சுமையோடு அசையாது நிற்பவர் அச்சுமையின்மீது 'வேலை' எதுவும் செய்யவில்லை என்கிறது இயற்பியல். முதல்வகைக்கு வீட்டுமொழிச் சொல்லை நினைவூட்டலே போதும். இரண்டாவதற்குச் செய்முறையும் விளக்கமும் வேண்டும். மூன்றாவதற்குப் பழம்பொருளையும் புதுப்பொருளையும் எதிரெதிர் நிறுத்திக் காட்டல் வேண்டும்.

வீட்டுமொழியில் ஊன்றிய அறிவு பள்ளிமொழிக்கும் பயன்படும் என்னும் கோட்பாட்டைக் கனடிய அறிஞர் சிம் கம்மின்சு 1979ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். ஒருகுடும்ப மொழிகளுக்கிடையே இப்பயன் மேலும் பெருகும். அங்கே கருத்தோடு வடிவும் கைகொடுக்கிறது. பால், பல், புலி, பூ, பத்து ஆகிய சொற்களின் முதற்பகரம் கன்னடத்தில் மூச்சொலியாகத் திரிந்து நிற்கிறது. இந்நெறி ஒன்றை உணர்த்தினால், தனித்தனியே நெட்டுருச் செய்யவேண்டிய சொற்கள் ஓரொழுங்கில் அணிவகுத்து வருவதை மாணாக்கர் தாமே காண்பர். ஒப்புமை மயக்கமும் தரலாம். மலையாளத்தில் நீரைப் பொதுவாகக் குறிக்கும் 'வெள்ளம்' தமிழில் பெருக்கெடுத்த நீரையே பெரிதும் குறிக்கும். ஆதலின் இனச்சொல்லையும் மயக்கச்சொல்லையும் பிரித்துக் காட்டுதல் ஆசிரியர் கடன்.

பெற்ற சொல் நிலைபெறுவது நினைவின் நெறியைப் பொறுத்தது. செருமானிய உளநூல் அறிஞர் எபிங்கவுசு, பொருளற்ற அசைகளைத் தாமே உருப்போட்டு ஆராய்ந்து, 1885இல் நூலாக வெளியிட்டார். மறதி தொடக்கத்தில் விரைந்தும் பின்னர்த் தளர்ந்தும் நிகழும் என்பதும், ஒரே அமர்வில் குவித்த பயிற்சியினும் நாளிடை விட்டுப் பகிர்ந்த பயிற்சியே சிறக்கும் என்பதும் அவர் கண்ட முடிவுகள். எனவே இன்று கற்பித்த சொல்லை நாளையும், அடுத்த கிழமையும், அடுத்த திங்களும் மாணாக்கர் தாமே நினைந்து சொல்லவும் எழுதவும் வாய்ப்பளித்தல் வேண்டும்.

வகுப்பில் வீட்டுமொழிக்குத் தடைவிதிப்பது, மாணாக்கர் முன்பே ஈட்டிய அறிவுக்கும் தடைவிதிப்பதாகும். ஆசிரியப் பெருமக்களே, புதுச்சொல்லைக் கரும்பலகையில் எழுதியதும், "இதனை உங்கள் வீட்டில் எவ்வாறு சொல்வீர்கள்?" என்று கேளுங்கள், அவ்விடையிலிருந்து கற்பித்தலைத் தொடங்குங்கள்.