நரம்பு ஒன்று, குரல் பல: மின்கித்தாரில் இடம் செய்யும் வேறுபாடு

பினாங்கு மக்களுக்கு மின்கித்தார் புதிய கருவியன்று. 1961ஆம் ஆண்டு கிளிஃப் ரிச்சர்டும் ‘தி ஷாடோஸ்’ குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து இசைத்துச் சென்றபின், தீபகற்பம் எங்கும் இளைஞர் கித்தார்க் குழுக்களை அமைத்தனர். ‘பாப் யே யே’ எனப்பட்ட மலாய் இசை அலை அப்பத்தாண்டில் எழுந்தது. அதன் இறுதியில் நம் பினாங்கில் உருவான ‘ஆலிகேட்ஸ்’ குழுவைத் தமிழ்ச் சகோதரர்களாகிய லோகநாதன் ஆறுமுகமும் டேவிட் ஆறுமுகமும் மலாய் இசையுலகில் புகழ்பெறச் செய்தனர். இன்றும் திருமண விருந்துகளிலும் பள்ளி மேடைகளிலும் இக்கருவி ஒலிக்கிறது.

மின்கித்தாரின் உடலில் ஒரு சிறு விசை உண்டு. அதனை ஒரு பக்கம் தள்ளினால் நரம்பு கனிந்து ஒலிக்கும். மறுபக்கம் தள்ளினால் அதே நரம்பு கூர்மையாக ஒலிக்கும். மீட்டும் கையும் மாறவில்லை, சுருதியும் மாறவில்லை. மாறியது எது என்பதே இக்கட்டுரையின் வினா.

பெயரும் பொருளும்

நரம்புகளின் கீழே பதிந்துள்ள காந்தப் பகுதியைக் கலைஞர்கள் ‘பிக்கப்’ என்பர். காந்தமும், அதனைச் சூழப் பல ஆயிரம் முறை சுற்றப்பட்ட மெல்லிய செம்புக் கம்பிச்சுருளும் சேர்ந்ததே அது. மேலுள்ள எஃகு நரம்பு அக்காந்தத்தால் தானும் காந்தத்தன்மை பெறுகிறது. நரம்பு அதிரும்போது சுருளினூடே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின்படி, அம்மாற்றம் சுருளில் மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கிறது. அதனைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறோம்.

இதனை ‘ஒலிவாங்கி’ என்று மொழிபெயர்த்தால் பிழையான எண்ணம் பிறக்கும். ஒலிவாங்கி காற்றின் அதிர்வைப் பெறுவது. பிக்கப்போ நரம்பின் அசைவை நேரே உணர்வது; எஃகுக்குப் பதிலாக நைலான் நரம்பைக் கட்டினால், நரம்பு ஒலித்தாலும் அது ஊமையாகிவிடும். ஆதலால் இங்கே ‘அதிர்வேற்பி’ என்னும் சொல்லை ஆள்கிறேன். ஏனைய உறுப்புகளுக்கு வீணைக் கலைஞர் வழங்கும் சொற்களே போதும். நரம்பு ஏறி நிற்பது குதிரை. மறுமுனையில் அதனைத் தாங்குவது மேரு. விரல் பதியும் இடங்களை வகுப்பவை மெட்டுகள்.

கணுவும் எதிர்க்கணுவும்

மீட்டிய நரம்பு ஒரே வகையில் அதிர்வதில்லை. முழு நீளமும் ஒரே வளைவாக அசைவது முதல் அதிர்வு. சுருதியை வகுப்பது இதுவே. அதே வேளையில் நரம்பு இரண்டு, மூன்று, நான்கு எனச் சமக் கூறுகளாகப் பிரிந்தும் அதிர்கிறது. இவற்றால் பிறப்பவை மேற்சுரங்கள். கூறுகள் சந்திக்கும் அசையாப் புள்ளி கணு எனவும், மிகுதியாக அசையும் புள்ளி எதிர்க்கணு எனவும் பெயர் பெறும். குரலின் தன்மை, எந்த அதிர்வு எவ்வளவு கலந்துள்ளது என்பதைப் பொறுத்தது.

அதிர்வேற்பி தனக்கு மேலுள்ள சிறு பகுதியின் அசைவை மட்டுமே உணரும். அப்பகுதி ஓர் அதிர்வின் கணுவாக இருப்பின், அந்த அதிர்வு அதற்குப் புலப்படாது.

எண்களால் ஓர் எடுத்துக்காட்டு

1954இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்டிராட்டோகாஸ்டர் கித்தாரில் மூன்று அதிர்வேற்பிகள் உள்ளன. அதன் நரம்பின் நீளம் 648 மில்லிமீட்டர். கழுத்தை ஒட்டிய அதிர்வேற்பி குதிரையிலிருந்து ஏறத்தாழ 162 மில்லிமீட்டரில், அதாவது நரம்பின் கால் பங்கில் அமைந்துள்ளது. குதிரையை ஒட்டியது சற்றுச் சாய்வாக, சராசரியாக 40 மில்லிமீட்டர் அளவில் உள்ளது.

ஒவ்வோர் அதிர்வின் எதிர்க்கணு அசைவையும் 100 எனக் கொண்டு கணக்கிடுவோம். கழுத்துப் பக்கத்தில் முதல் நான்கு அதிர்வுகளும் முறையே 71, 100, 71, 0 என்ற அளவில் கிடைக்கின்றன. குதிரைப் பக்கத்தில் அவை 19, 38, 55, 70 என்றாகின்றன. முன்னதில் தாழ்ந்த அதிர்வுகள் ஓங்கி நிற்க, நான்காவது மறைகிறது. அதனால் குரல் கனிகிறது. பின்னதில் மேலே செல்லச் செல்ல அளவு கூடுகிறது. அதனால் குரல் கூர்மை பெறுகிறது.

குதிரைப் பக்கத்து அதிர்வேற்பி தரம் குறைந்தது, ஆதலால்தான் மெலிந்து ஒலிக்கிறது என்று கருதும் மாணவர் உண்டு. அதனை மாற்றப் பெற்றோரின் பணத்தைச் செலவிடுமுன் மேற்கண்ட எண்களை நோக்குதல் நலம். குதிரையருகே நரம்பு குறைவாகவே அசையும். அதனை ஈடுசெய்யவே அங்கு வைக்கும் சுருளுக்குக் கூடுதல் சுற்றுகள் தரும் வழக்கம் பல உற்பத்தியாளரிடம் உள்ளது.

இன்னொன்றும் கருதத்தக்கது. பன்னிரண்டாம் மெட்டில் விரல் வைத்தால் அதிரும் நீளம் பாதியாகிறது. கால் பங்கில் இருந்த கழுத்து அதிர்வேற்பி இப்போது நரம்பின் நடுவில் நிற்கிறது. முதல் அதிர்வு முழுமையாகக் கிடைக்கிறது. இரண்டாவதும் நான்காவதும் மறைகின்றன. அதிர்வேற்பி அசையவில்லை, விகிதம் மாறியது. குறித்த ஒரு மேற்சுரத்துக்கென அதிர்வேற்பியின் இடம் வகுக்கப்பட்டது என்னும் கூற்று திறந்த நரம்புக்கு மட்டுமே பொருந்தும்.

இடைநிலைகளும் இரைச்சலும்

தொடக்கத்தில் அக்கித்தாரின் விசைக்கு மூன்று நிலைகளே இருந்தன. கலைஞர்கள் விசையை இரு நிலைகளுக்கு இடையே நிறுத்தி, அடுத்தடுத்த இரண்டு அதிர்வேற்பிகளை ஒருசேர ஒலிக்கச் செய்தனர். இரு இடங்களில் ஒரே மேற்சுரம் எதிரெதிர்த் திசையில் அசைந்தால் ஒன்றையொன்று குறைக்கும்; ஆதலால் நடுவே குடைந்தது போன்ற தனிக்குரல் பிறந்தது. அவ்வழக்கத்தை ஏற்று 1977இல் ஐந்து நிலை விசையை நிறுவனமே பொருத்தியது.

ஒற்றைச் சுருள் அருகிலுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் ஏற்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆகையால் அதுவும் அதன் மடங்குகளும் கேட்கும். 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர், எதிரெதிர்க் காந்த முனைகளும் எதிரெதிர்ச் சுற்றும் கொண்ட இரட்டைச் சுருளை அமைத்தார். அதில் இரைச்சல் தணிய, நரம்பின் குறிகை கூடுகிறது.

வகுப்பறைக்கு ஒரு சோதனை

கழுத்து அதிர்வேற்பியைத் தேர்ந்து, திறந்த நரம்பின் ஐந்தாம் மெட்டுக்கு நேர்மேலே விரலை மெல்லத் தொட்டு மீட்டுக. நான்கு கூறுகளாகப் பிரிந்த அதிர்வு மட்டும் எஞ்சும். அது மங்கலாகவே கேட்கும். விசையைக் குதிரைப் பக்கம் தள்ளி மீண்டும் மீட்டினால் அதே சுரம் தெளிவாக எழும். மின்கருவி இல்லாத பள்ளியில் சாதாரணக் கித்தாரை நடுவிலும் குதிரையருகிலும் மாறி மாறி மீட்டலாம். மீட்டும் இடத்தில் கணு உள்ள அதிர்வு எழாது என்பது அதே விதியின் மறுபக்கம்.

நம் மாணவர் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை அறிவியலைத் தமிழில் கற்கின்றனர். இடைநிலைப் பள்ளியில் அவ்வாய்ப்பு இல்லை. அலை, கணு, தூண்டல் ஆகியவற்றை அவர்கள் சந்திப்பதோ அதன் பின்னரே. இடைவெளியை நிரப்பும் பணி ஆசிரியருக்கும் தமிழ் அமைப்புகளுக்கும் உரியது. அதற்கு முன்மாதிரி உண்டு. அறிவியல் பட்டதாரியான விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியான ‘யாழ் நூல்’ வழியாகப் பழந்தமிழ் நரம்பிசையைக் கணக்கோடு ஆராய்ந்தார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ், இரட்டை நரம்புகளை விடுத்து ஒற்றை நரம்புகள் ஐந்து கொண்ட மின்மாண்டலினில் கர்நாடக இசையின் கமகங்களை எழுப்பிக் காட்டினார். கருவி எங்கு பிறந்ததாயினும் அதன் இயல்பைத் தமிழில் வினவலாம், தமிழிலேயே விடையும் காணலாம். மாணவர் ஒருவர் விசையைத் தள்ளி ‘இது ஏன் மாறுகிறது?’ என்று கேட்கும்போது, கணுவையும் எதிர்க்கணுவையும் கரும்பலகையில் வரைந்து காட்ட ஆசிரியர் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.