கல்லுக்குப் பல் வேண்டும்

பட்டறை வாசல் – 17

பீளமேட்டில் கிரைண்டர் பட்டறை நடத்தும் தங்கையைப் பற்றியும், கிரைண்டர் விற்பதற்காக எடுத்து அவர் கைப்பேசியில் அடைந்து கிடக்கும் 43 வீடியோக்களைப் பற்றியும் போன வாரமே சொல்லிவிட்டேன். ஒன்றைக்கூட அவர் வெளியிடவில்லை என்பது நினைவிருந்தால் போதும். இந்த வாரம் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை அங்கே போனேன். பின்கட்டிலிருந்து உளிச்சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்கப் போனவன் மத்தியானம்வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஓட்டலுக்குப் போகும் பெரிய கிரைண்டரின் கல் அது. கடைசல் முடிந்து வந்திருந்தது. கை வைத்தால் வழுக்கியது. ஒரு பெரியவர் அதை முன்னால் சாய்த்து வைத்துக்கொண்டு, உளியால் பொட்டுப் பொட்டாகக் கொத்திக்கொண்டிருந்தார். எனக்கு மனசு பொறுக்கவில்லை.

"இத்தனை அழகா வந்த கல்லை ஏனுங்கய்யா கொத்தறீங்க?"

"வழுவழுன்னு இருந்தா அரிசி வழுக்கிட்டு ஓடிருமுங்க தம்பி. கல்லுக்குப் பல்லு வேணுமுங்க."

சின்ன வயதில் எங்கள் வீதியில் மாதம் ஒருமுறை ஒரு குரல் வரும்: "அம்மி கொத்தறதேய்… ஆட்டாங்கல்லு கொத்தறதேய்…" அம்மா ஓடிப்போய் நிறுத்துவார். உளுந்து சரியாகப் பொங்கி வரவில்லையென்றால் கல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். கொத்தி முடித்த கல்லில் அன்றைக்கே இட்லிக்கு ஆட்ட மாட்டார்கள். வீணாய்ப் போன அரிசியோ தவிடோ போட்டு ஆட்டி, கல்தூள் போகும்வரை கழுவி ஊற்றுவார்கள். முதல் ஈடு கொட்டத்தான். புதுக் கிரைண்டர் வாங்கினாலும் இன்றும் அதே கதைதான். கடைக்காரரே சொல்லித்தான் அனுப்புகிறார். முதல் மாவு சாப்பிடுவதற்கு இல்லை என்று தெரிந்தும் அதை ஆட்டுகிறோமே, அந்தப் பழக்கம் எனக்கு இந்த வாரம் பெரிய விஷயமாகப் பட்டது. யாரும் அதற்காக வெட்கப்படுவதில்லை. மாவு வீணாயிற்றே என்று அழுவதும் இல்லை.

கல்லைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன், முழுவதும் சொல்லிவிடுகிறேன். ஆட்டாங்கல்லில் உரல் அசையாது, குழவிதான் சுற்றும். குழவியைச் சுற்ற ஒரு கை, மாவைத் தள்ளிவிட ஒரு கை. நம் கிரைண்டர் இதை அப்படியே திருப்பிப் போட்டது. உரல் சுற்றுகிறது, குழவி பிடித்து நிறுத்திய இடத்தில் நின்றபடி உருள்கிறது. மோட்டாரும் பெல்ட்டும் அடியில் போய்விட, மேலே கைக்கு இடம் கிடைத்துவிட்டது. எத்தனையோ தலைமுறையாகக் குழவியைச் சுற்றிய கை, சுற்ற வேண்டியது உரலை என்று ஒருநாள் கண்டுகொண்டிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

கோவையில் பி. சபாபதி கிரைண்டரை அறிமுகம் செய்தது 1955-ல். அந்தக் காலத்துக் கிரைண்டரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சமையலறையில் பாதியை அடைத்துக்கொள்ளும். ஒருவரால் நகர்த்த முடியாது. மாவைக் குனிந்து கையால் வழித்தெடுக்க வேண்டும். கழுவிய தண்ணீரை மொண்டு ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் சாய்க்கும் கிரைண்டர் வந்தது, இன்னும் பிறகு மேடைமேல் வைக்கும் டேபிள் டாப் வந்தது. சாய்க்க வேண்டும் என்ற யோசனை பட்டறைக்குள் பிறந்திருக்காது, இடுப்பு வலித்த பெண்களின் வாயிலிருந்துதான் வந்திருக்கும் என்பது என் நம்பிக்கை. சாய்க்காத கிரைண்டர் வீட்டுக்கு வந்திருக்காவிட்டால் அந்த வலியை யாரும் சொல்லியிருக்க முடியாதே. 2005-06-ல் கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் ஐம்பது வருடக் குறைகளைக் கேட்டுக் கேட்டுச் சேர்ந்தது.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். அவர் கொத்துவதை நிறுத்தாமல், "அக்கட்டால அந்த ஷாஃப்ட்டையும் பாருங்க" என்றார்.

பார்த்தேன். அதே கிரைண்டரின் ஷாஃப்ட்தான். பேரிங் உட்காரும் இடத்தை ஒரு பையன் மைக்ரோமீட்டர் வைத்து அளந்துகொண்டிருந்தான். அங்கே முடியளவு பிசிறு இருந்தாலும் சத்தம் வரும், சூடேறும், பேரிங் சீக்கிரம் போய்விடும். ஒரே இயந்திரம். ஒரு முகம் கண்ணாடியாக இருக்க வேண்டும், இன்னொரு முகம் சொரசொரப்பாக இருக்க வேண்டும். கல்லைக் கண்ணாடியாக்கினாலும் கெட்டது, ஷாஃப்ட்டைக் கொத்தினாலும் கெட்டது. பதினாறு வாரமாக நான் பட்டறை பட்டறையாகச் சுற்றிச் சொல்ல முயன்றது இதுதான். எனக்கு வார்த்தை கிடைக்காமல் இருந்தது.

நாப்கின் இயந்திரம் செய்த நம்மூர் அருணாசலம் முருகானந்தத்தை இந்தக் கண்ணோடு மறுபடி பார்க்கத் தோன்றியது. 1998-ல் பஞ்சில் செய்த முதல் நாப்கினை மனைவியிடம் கொடுத்தார். அது உதவாது என்று அவர் சொல்லிவிட்டார். பெரிய கம்பெனிகள் பயன்படுத்துவது வெறும் பஞ்சு அல்ல, மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்கவே முருகானந்தத்துக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஊர் பேசியது, வீட்டில் பிரிவு வந்தது, அவர் விடவில்லை. நாப்கின் ஈரத்தை உறிஞ்ச வேண்டும், உறிஞ்சியதை வெளியே விடக் கூடாது. அது ஷாஃப்ட். அதில் அவர் சமாதானம் செய்துகொள்ளவே இல்லை. இயந்திரமோ? முதலில் செய்ததில் பெரும்பகுதி மரம். அதைத்தான் சென்னை ஐ.ஐ.டி.யில் காட்டினார். பன்னாட்டு நிறுவனங்களோடு இது எப்படிப் போட்டி போடும் என்று அங்கே சந்தேகப்பட்டார்கள். ஆனாலும் அவர்களே அதைத் தேசிய அளவிலான புத்தாக்கப் போட்டிக்கு அனுப்பினார்கள், முதலிடம் வந்தது. பெண்கள் குழுக்கள் அந்த இயந்திரத்தை வாங்கி, ஆளுக்கொரு பெயரில் நாப்கின் விற்றார்கள். 2016-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. ஸ்டீலில் பளபளவென்று செய்த பிறகுதான் வெளியே காட்டுவேன் என்று இருந்திருந்தால் இவற்றில் எதுவும் நடந்திருக்காது.

வீடியோக்களுக்கு வருகிறேன். மத்தியானத்துக்கு மேல்தான் தங்கையோடு உட்கார முடிந்தது. 43-ல் பதினொன்று பார்த்தோம். ஒவ்வொன்றையும் ஏன் போடவில்லை என்று கேட்டேன். ஒன்றில் பெல்ட் சத்தம். ஒன்றில் பின்னால் டீக்கடைப் பையன் நடந்து போகிறான். ஒன்றில் வெளிச்சம் மஞ்சளாக இருக்கிறது. நாலைந்தில் ஒரே காரணம்: "பேச்சுல நம்மூர்த் தமிழ் வந்துருச்சுங்கண்ணா. டிவியில பேசற மாதிரி வரலீங்க."

ஏழாவது வீடியோவில் மோட்டாருக்கு எத்தனை வருட வாரண்டி என்பதை மாற்றிச் சொல்லியிருந்தார். அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்திருக்கிறார். சேலை மடிப்பு சரியில்லை என்று ஒதுக்கியும் வைத்திருக்கிறார். வாரண்டி தப்பு மட்டும் அவர் கண்ணில் படவே இல்லை. நான் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் சங்கடமாக இருந்தது. அத்தனை அக்கறையுள்ள பெண், ராத்திரி பத்து மணிவரை கல்லைத் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கியிருக்கிறார். ஷாஃப்ட்டை அளக்க நேரமில்லாமல் போயிருக்கிறது. விலை, வாரண்டி, எடை, எத்தனை பேர் குடும்பத்துக்கு ஆகும் என்பது, இவை நான்கும் தப்பக் கூடாது. பெல்ட் சத்தம் இருக்கட்டும். கிரைண்டர் வாங்க வருகிறவர் முதலில் காதைக் கொடுத்துக் கேட்பதே அந்தச் சத்தத்தைத்தானே! நம்மூர்த் தமிழும் இருக்கட்டும். கேட்கப் போகிறவர்களும் ஏனுங்க, வாங்க என்று பேசுகிறவர்கள்தான்.

மீதி 32 வீடியோவுக்கு இந்த வாரம் இடமில்லை. அடுத்த வாரமும் முதல் பாதி வேறொருவருக்குப் போகும், இப்போதே சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட். 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் 2,250 ரூபாய்க்குப் படம் காட்டும் கருவியையும் ஊமைப் படச் சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டியவர். கோவையில் அவருடைய வெரைட்டி ஹால் தியேட்டர் கட்டடம் எழும்பியது 1914-ல். அதற்கு முந்தைய ஒன்பது வருடமும் துணிதான் சுவர், துணிதான் கூரை. மழை வந்தால் என்ன செய்திருப்பார் என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை மறுபடி பீளமேடு போகிறேன். மோட்டாரை நிறுத்தாமல், ஓடும்போதே ஒன்று எடுப்பதாகப் பேசியிருக்கிறோம். வாரண்டியைத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்வதாகத் தங்கை சொல்லியிருக்கிறார். பெரியவரும் வருகிறாராம், உளியோடு.