ஜெனீவாவின் கேள்வி தேவதானப்பட்டிக்கு எப்படி வந்து சேரும்?

தேவதானப்பட்டி பேரூராட்சியில் ஒரு தொழிலாளியைப் பாதுகாப்புக் கருவிகளின்றி மலக்குழிக்குள் இறக்கினால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். முதல் குற்றத்துக்கே இரண்டாண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கலாம். இச்சட்டத்தைப் போராடிப் பெற்றவை சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் போன்ற இயக்கங்கள். ஆயினும் ஜெனீவாவிலிருந்தும் ஓர் அழுத்தம் இந்திய அரசின்மீது நெடுங்காலம் இருந்துவந்தது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பில் இந்தியா 1919 முதல் உறுப்பு நாடு. வேலையில் பாகுபாட்டைத் தடைசெய்யும் அதன் 111ஆம் உடன்படிக்கையை இந்தியா 1960இல் ஏற்றது. உடன்படிக்கையில் ‘சாதி’ என்ற சொல் இல்லை. ‘சமூகத் தோற்றம்’ என்பதே உண்டு. சாதியை அதற்குள் வைத்தே அமைப்பின் நிபுணர் குழு அரசிடம் கேள்வி எழுப்பி வருகிறது. ஏற்ற நாடு குறித்த காலத்துக்கு ஒருமுறை அறிக்கை அனுப்ப வேண்டும். குழு அதைப் படித்து, கையால் மலம் அள்ளும் வழக்கத்தை ஒழிக்க என்ன செய்யப்பட்டது என்று கேட்கும். சட்ட வரைவுக்கும் தொழிலாளர் ஆய்வாளர் பயிற்சிக்கும் தொழில்நுட்ப உதவி தரும். தண்டிக்கும் அதிகாரம் மட்டும் இல்லை.

இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் சாதி வராது என்று ஐ.நா.வில் வாதிடும் அதே இந்திய அரசு (ஐ.நா. குழு 2002இல் அதை மறுத்துப் பொதுப் பரிந்துரையே வெளியிட்டது), தொழிலாளர் அமைப்பின் கேள்விகளுக்குப் பதிலளித்தே வந்திருக்கிறது. தலித் இயக்கங்கள் இந்த வேறுபாட்டைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் கருத்து.

சிக்கல் தகவலில்தான். அறிக்கையை எழுதுவது தில்லி. அதற்கான எண்ணிக்கை உள்ளாட்சிகளிலிருந்து மேலே போகிறது. பேரூராட்சி ‘எவருமில்லை’ என்று எழுதிவிட்டால், ஜெனீவாவில் அந்தத் தொழிலாளி இல்லாதவரே. இதற்கு மாற்றுவழி ஒன்றை அமைப்பின் சாசனமே வைத்திருக்கிறது: அரசு தன் அறிக்கையின் நகலைத் தொழிற்சங்கங்களுக்கும் தர வேண்டும், சங்கங்கள் தங்கள் கருத்தை அனுப்பலாம். தலித் அமைப்புகளுக்கு அந்த நேரடி வாசல் இல்லை. சங்கமற்ற ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கோ எந்த வாசலும் இல்லை.

எனவே தேனி மாவட்டத்தில் வேலை இரண்டு முனைகளில் தொடங்க வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைய வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழு எத்தனை முறை கூடியது, எத்தனை வழக்குகள் பதிவாயின என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்வழி மாணவர்களே கேட்கலாம். கிடைக்கும் பதிலைத் தன் கடிதத்தோடு இணைத்து அனுப்ப ஒரு தொழிற்சங்கம் முன்வந்தால், அது நிபுணர் குழுவின் மேசைவரை செல்லும். அரசு அதற்குப் பதில் எழுத நேரும்.