சொகுசுக் கார்: அன்றும் இன்றும்

“மின்னுவதெல்லாம் பொன்னல்ல” என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. நகைக்கும் துணிக்கும் மட்டுமன்று, பல லட்சம் ரூபாய் விலையுள்ள மோட்டார் கார்களுக்கும் இது பொருந்தும் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? “அந்தக் காலத்துக் காரின் உறுதி இந்தக் காலத்துக் காரில் இல்லை” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது பழமையின்மீதுள்ள பற்றினால் எழும் பேச்சா? அல்லது இதில் உண்மையும் உண்டா? உலகப் புகழ்பெற்ற ஜெர்மானியக் காராகிய மெர்சிடிஸ் பென்ஸின் வரலாற்றைக் கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

அன்று

மோட்டார் காரின் முன்னோடிகளுள் ஒருவரான காட்லீப் டைம்லரின் கொள்கை, “சிறந்தது, இன்றேல் ஒன்றுமில்லை” என்பதாகும். பல ஆண்டுகள் அந்நிறுவனம் இக்கொள்கைக்கு ஏற்பவே நடந்தது. 1976-இல் செய்யப்பட்ட 240 டி என்னும் டீசல் கார் ஒன்று கிரேக்க நாட்டில் வாடகைக் காராக ஓடியது. அது ஓடிய தூரம் 46 லட்சம் கிலோமீட்டர்! பூமியிலிருந்து சந்திரனுக்கு ஏறத்தாழ ஆறு முறை போய்வரும் தூரம் இது. இடையிடையே எஞ்சினை மாற்றினார்கள் என்பது உண்மையே. ஆயினும் அத்தனை தூரத்தையும் அதன் உடற்கூடு தாங்கியது. 2004-இல் அந்தக் காரை நிறுவனமே பெற்றுத் தன் அருங்காட்சியகத்தில் வைத்துக்கொண்டது.

உறுதி மட்டுமன்று, வடிவமைப்பிலும் சிந்தனை இருந்தது. அக்காலத்து மெர்சிடிஸ் கார்களின் பின்விளக்குகளைப் பார்த்தால், கண்ணாடியில் வரிவரியாகப் பள்ளங்கள் காணப்படும். இது அழகுக்காகச் செய்ததன்று. மழைக்காலத்தில் சேறு தெறித்தால் மேட்டுப் பகுதிகளில்தான் படியும். பள்ளங்கள் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். அவற்றின் வழியே ஒளி தெரிவதால், பின்னால் வருபவர் மோதாமல் தப்புவார்.

மற்றொரு சான்றும் காண்போம். 1980-களில் வந்த பெரிய மெர்சிடிஸ் கார்களின் கதவில் ஆசனத்தை அசைக்கும் பொத்தான், ஆசனத்தின் வடிவத்திலேயே இருந்தது. பொத்தானின் முதுகுப் பகுதியைச் சாய்த்தால் ஆசனத்தின் முதுகு சாயும்; அடிப்பகுதியை உயர்த்தினால் ஆசனம் உயரும். எழுத்தறியாதவரும் கேளாமலே புரிந்துகொள்வர். டானல்ட் நார்மன் என்னும் அமெரிக்க அறிஞர் 1988-இல் வெளியிட்ட நூலில், நல்ல வடிவமைப்புக்கு இதனை எடுத்துக்காட்டாகக் கூறினார்.

1975 முதல் 1999 வரை அங்கு வடிவமைப்புத் தலைவராயிருந்தவர் இத்தாலியில் பிறந்த புரூனோ சாக்கோ. புதிய கார் வெளிவரும்போது, முன்பு வாங்கியவரின் கார் பழமைப்பட்டதாகத் தோன்றக் கூடாது என்பது அவர் வகுத்துக்கொண்ட நெறி. வாங்கியவரிடம் காட்டிய மரியாதை அது எனலாம்.

மாற்றம் வந்தது ஏன்?

1989-இல் ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் லெக்ஸஸ் எல்.எஸ். 400 என்ற சொகுசுக் காரை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. அமைதியான ஓட்டம், நுட்பமான வேலைப்பாடு. விலையோ ஜெர்மானியக் கார்களைவிட வெகு குறைவு. ஜெர்மானியர் திகைத்தனர். அதுவரை, பொறியியலாளர் தாம் விரும்பியவாறு காரைச் செய்தனர். விலை பின்னர் வைக்கப்பட்டது. அதன் பிறகோ விலையை முதலில் முடிவு செய்து, அதற்குள் காரை அடக்க முற்பட்டனர். சிக்கனம் நல்லதே. ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் சிக்கனம் செய்தால் என்ன ஆகும்?

1990-களின் முற்பகுதியில் செய்த பல கார்களில் மின்கம்பிகளின் மேலுறை, எஞ்சினின் சூட்டில் காய்ந்து உதிர்ந்தது. 1995-இல் வந்த இ-வகுப்புக் கார்களில் கதவோரங்களிலும் சக்கர வளைவுகளிலும் துரு ஏறியது. பின்னர், காலால் மிதிக்கும் விசையை மின்சாரக் கட்டளையாக்கிக் கணிப்பொறி வழியே இயக்கும் புதுவகைப் பிரேக்கைப் பொருத்தினர். அதில் கோளாறுகள் எழவே, 2004-இல் சுமார் 6 லட்சத்து 80 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிபார்க்க நேர்ந்தது. மறு ஆண்டு, பிரேக்குடன் வேறு மின்சாதனக் குறைகளுக்காகவும் 13 லட்சம் கார்கள் அழைக்கப்பட்டன. 2006-இல் இ-வகுப்பில் பழைய முறைப் பிரேக்கே திரும்பி வந்தது.

இன்று

இன்றைய சொகுசுக் காரில் முதலில் கண்ணைக் கவர்வது திரை. 2021-இல் வந்த ஈ.க்யூ.எஸ். என்னும் மின்சாரக் காரில், 141 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கண்ணாடித் திரை அமைக்கலாம். பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் பொத்தானை விரலே தடவி அறியும். கண் சாலையிலேயே இருக்கும். வழுவழுப்பான திரையிலோ, ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் தொடவேண்டும். அந்தச் சில நொடிகளில் கார் எத்தனை மீட்டர் ஓடிவிடும்! இதை உணர்ந்தே, ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு, ஹாரன், வைப்பர், திசைகாட்டும் விளக்கு முதலியவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இல்லாத காருக்கு முழு மதிப்பெண் இல்லை என 2026-ஆம் ஆண்டு விதிகளில் வகுத்தது.

மேற்சொன்ன காரின் முன்மூடியை உரிமையாளர் திறக்கவும் இயலாது; பணிமனையில்தான் திறப்பார்கள். முன்கண்ணாடி கழுவும் நீரை ஊற்ற மட்டும் பக்கத்தில் ஒரு சிறு வாயில் உண்டு. தன் பொருளைத் தானே பழுது பார்க்கும் உரிமை இவ்வாறு மெல்ல மறைகிறது.

நடுநிலையாகவும் நாம் பேசவேண்டும். விபத்தில் உயிர்காக்கும் ஆற்றலில் இன்றைய கார் பழைய காரைவிட மிக உயர்ந்தது. காற்றுப்பைகள், தானே பிரேக் போடும் கருவி முதலியவை அறிவியல் தந்த வரங்கள். ஆகவே “பழையனவெல்லாம் நல்லவை” என்று கூறிவிட முடியாது. குறை அறிவியலில் இல்லை. நீண்டநாள் உழைக்கவேண்டும் என்ற எண்ணம் பின்னே போய், கடையில் நிற்கும்போது கவரவேண்டும் என்ற எண்ணம் முன்னே வந்ததே குறை.

தோழியரே! தையல் வகுப்பில் நாம் பூவேலை செய்த துணியைக் கொடுத்தால், ஆசிரியை முதலில் அதைத் திருப்பி உட்புறத்தைத்தான் பார்ப்பார். அங்கே நூல் சிக்கலின்றி இருந்தால்தான் மதிப்பெண். பல லட்சம் ரூபாய் கொடுத்துக் கார் வாங்குபவரும் அவ்வாறே திருப்பிப் பார்க்கத் தொடங்கினால், கார் செய்பவரும் உட்புறத்தைச் செம்மையாகத் தைப்பார். நம் கையால் ஆகும் எந்த வேலைக்கும் இதுவே அளவுகோல் அன்றோ?