தொண்டைவலிக்கு மருந்துக்கடை வைத்தியம் வேண்டாம்

பருவம் மாறினால் தொண்டைவலிக்காரர்கள் வரிசையாக வருகிறார்கள். பலர் கையில் பாதி தீர்ந்த அசித்ரோமைசின் அட்டை இருக்கிறது. "மெடிக்கல்ல கேட்டு வாங்கினேன் டாக்டர், ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு, திரும்பவும் வலிக்குது" என்கிறார்கள். சிலருக்கு வாயையே சரியாகத் திறக்க முடிவதில்லை. டான்சிலுக்குப் பக்கத்தில் சீழ் கோத்திருக்கும். அதற்கு மாத்திரை மட்டும் போதாது, சீழை வெளியேற்ற வேண்டும்.

எல்லாத் தொண்டைவலிக்கும் ஆன்டிபயாடிக்கா?

மூக்கு ஒழுகல், இருமல், குரல் கம்மல் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் வைரஸ். ஒரு வாரத்தில் தானாகப் போகும். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. மூன்றாம் நாள் வலி குறைந்ததும் மாத்திரைக்குப் பெயர் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இருமலே இல்லாமல், திடீர்க் காய்ச்சலுடன், டான்சிலில் வெள்ளைத் திட்டும் கழுத்தில் நெறிகட்டும் வந்தால் நான் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைச் சந்தேகிப்பேன், முக்கியமாக 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம். இதற்குப் பெனிசிலின் வகை மருந்தை 10 நாள் முழுதாகக் கொடுக்க வேண்டும். வலி போனதும் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். சரியாகக் குணமாகாத பிள்ளைகளில் சிலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் மூட்டு வீங்கும், இதய வால்வு பழுதாகும். வலி தொடங்கி 9 நாளுக்குள் சரியான மருந்தை ஆரம்பித்தால் இதைத் தடுத்துவிடலாம். இந்தக் கிருமிதானா என்று அறிய, தொண்டையில் பஞ்சால் தடவி எடுத்துப் பார்க்கும் சோதனை போதும்.

உள்நாக்கை அழுத்தாதீர்கள்

"உள்நாக்கு வளர்ந்திருக்கு" என்று உப்பும் மிளகும் தொட்ட விரலால் குழந்தையின் தொண்டைக்குள் அழுத்துகிறார்கள். உச்சிமுடியைப் பிடித்து இழுக்கிறார்கள். உள்நாக்கு வளரவில்லை, அழற்சியில் வீங்கியிருக்கிறது. வீங்கிய இடத்தை நகத்தால் கீறினால் ரத்தம் வரும், புதிய கிருமியும் ஏறும்.

வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கக் கூட்டிப்போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குழாயை வைத்து உறிஞ்சி ஏதோ ஒன்றைக் காட்டுகிறார்கள். அது உங்கள் குழந்தையின் வயிற்றிலிருந்து வந்ததல்ல. வயிற்றில் இருப்பதை அப்படி உறிஞ்சி எடுக்கவே முடியாது. காய்ச்சலோடு இருக்கும் பிள்ளையை அங்கே அழைத்துப்போய் இரண்டு நாளை இழக்காதீர்கள்.

தொண்டைக்குள் சுண்ணாம்பு தடவுவது புண்ணின் மேல் இன்னொரு புண். கடையில் பொட்டலமாகக் கலந்து தரும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருக்கலாம். வலி உடனே அடங்கும், நோய் உள்ளே வளரும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள், அது நல்லது. தேனும் கொடுக்கலாம், ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கூடவே கூடாது.

அன்றைக்கே வர வேண்டியவர்கள்

எச்சில்கூட விழுங்க முடியாமல் வழிவது, மூச்சு விடும்போது சத்தம், வாய் திறக்க முடியாமை, ஒரு பக்கம் மட்டும் கடுமையான வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவென்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தைராய்டுக்குக் கார்பிமசோல் சாப்பிடுகிறவர்களுக்குத் தொண்டைவலியும் காய்ச்சலும் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே ரத்த வெள்ளணுக்களைப் பார்க்க வேண்டும். அந்த மருந்து சிலருக்கு வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும். இதை நோயாளிகளிடம் யாரும் போதிய அளவு சொல்வதில்லை.

புகையிலை, வெற்றிலைப்பாக்குப் பழக்கம் உள்ளவருக்கு வாயிலோ தொண்டையிலோ மூன்று வாரமாகியும் ஆறாத புண் இருந்தால், வலிக்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது. வலிக்காத புண்தான் புற்றுநோயாக இருக்கக்கூடும்.

பெற்றோருக்கு

தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படரும் தொண்டை அடைப்பான் ஒழிந்துவிடவில்லை. தடுப்பூசி விட்டுப்போன பிள்ளைகளைத் தேடி வருகிறது. கைக்குழந்தைப் பருவத்தில் போட்டதோடு நின்றுவிடாதீர்கள்; ஒன்றரை வயதிலும், 5 வயதிலும், பிறகு 10, 16 வயதிலும் ஊசி உண்டு. அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. விட்டுப்போயிருந்தால் இந்த வாரமே தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள், தயவுசெய்து.